கடல்தண்ணியில வர்ற குடிதண்ணி: தண்ணிக்கு நாலு ஸ்டார், சர்வீஸுக்கு ரெண்டரை

டீசாலினேஷன் தண்ணின்னாலே, அதாவது கடல்தண்ணில உப்ப எடுத்துட்டு தர்ற தண்ணின்னாலே, எல்லாரும் ருசியத்தான் முதல்ல கேக்குறாங்க, அதனால அத முதல்ல முடிச்சுடுறேன். உப்பு கரிக்காது, வாடை கிடையாது, சோப்பு நல்லா நுரைக்கும். கொஞ்சம் சப்புன்னு இருக்கும், அவ்ளோதான். உப்ப வடிகட்டுற மெம்பரேன் சவ்வு தாண்டி வர்றப்ப தாது எல்லாம் போயிடுது, அப்புறம் சுண்ணாம்பு சேர்த்து அனுப்புறாங்க, மெக்னீசியம் மட்டும் பெரும்பாலும் சேர்க்குறதில்ல. அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட்.

மழை பொய்ச்சாலும் தண்ணி வரும், அதுல இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கரண்ட குடிக்குது, ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட்.

நம்ம கண்ணுல படாத பக்கம்தான் ரெண்டரைக்கு காரணம். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்போட உள்ள வர்ற தண்ணில பாதி அளவுக்கு நல்லதா எடுத்துட்டா, மிச்சம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உப்போட திரும்ப கடலுக்கே போகுது. கடல் பெருசு கலந்துடும்பாங்க. அலையும் நீரோட்டமும் உள்ள எடத்துல நாசில் வச்சு வேகமா மேல்நோக்கி பீச்சி விட்டா நிஜமாவே சீக்கிரம் கலந்துடும், சும்மா கரையோரம் கொட்டினா அது கனம் இல்லையா, தரையோட தரையா போர்வை மாதிரி படுத்துக்கும், அங்க இருக்கற கடல்புல்லும் சிப்பியும் எங்க எழுந்து ஓடும்? மத்தியதரைக்கடல் பொசிடோனியா புல்லெல்லாம் உப்பு லேசா ஏறினாலே வாடிடும். உறிஞ்சுற பக்கம் மீன் முட்டையும் குஞ்சும் சல்லடை தாண்டி உள்ள போய் செத்துடுது, வலைல சிக்குற சைஸ் இல்ல, அதனால யாரும் கணக்கு கேக்கறதும் இல்ல.

ஜனங்க மனசு இன்னொரு கூத்து. வறட்சின்னா ஆலை எங்கன்னு கேப்பாங்க, மழை வந்துட்டா தண்டச்செலவும்பாங்க. சிட்னி ஆலை 2010ல ஓட ஆரம்பிச்சு 2012ல நின்னுச்சு, 2019 வறட்சில மறுபடி ஓடுச்சு. அதுக்காக எதிர்க்கிறவங்க எல்லாம் சும்மா எதிர்க்கிறாங்கன்னு சொல்லிட முடியாது. 2022 மே மாசம் கலிபோர்னியா கடற்கரை கமிஷன் ஹண்டிங்டன் பீச் ஆலைய ஒருமனதா நிராகரிச்சுது, அதே கமிஷன் அதே வருஷம் அக்டோபர்ல டானா பாயிண்ட் ஆலைக்கு ஓகே சொல்லுச்சு, ஏன்னா அது கடல்தரைக்கு அடியில சாய்வா கிணறு போட்டு எடுக்குற பிளான், குஞ்சு மீன் உள்ள வராது, கழிவு உப்புத்தண்ணியையும் சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணியோட கலந்துதான் விடணும்.

எனக்கு எரிச்சல் என்னன்னா, கழிவு விடுற எடத்துல உப்பு அளவு எவ்ளோன்னு கேட்டா குடிதண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்ட எடுத்து நீட்டுறாங்க. நான் கேட்டது நான் குடிக்கற தண்ணிய பத்தி இல்லீங்க, அந்தக் குழாய் பக்கத்துல வலை போடறவங்களோட கடல பத்தி. அந்த ரீடிங்க மாசாமாசம் வெளிய போடட்டும், அரை ஸ்டார் ஏத்திடுறேன்.