திருநெல்வேலியில் ஓசிடி சிகிச்சை: எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை

லண்டனிலிருந்து லீவில் போயிருந்தபோது தம்பியை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. அவனுக்கு ஓசிடி, அதாவது ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பான், தெருமுனை வரை போனவன் கேஸ் மூடியிருக்கிறதா என்று திரும்பி ஓடி வருவான். காலையில் போன் போட்டோம், சாயங்காலமே டோக்கன் கிடைத்துவிட்டது. லண்டனில் என்றால் பெரும்பாலும் ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரைப் பார்த்து, பிறகு தெரபிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் ஊர்தான் மேல்.

"மாத்திரை போட்டா மூளை மழுங்கிருமா டாக்டர்?" என்று அம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார். டாக்டர் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி 'ஏதோ தப்பு' என்று சொல்லும். அந்தச் செய்தி மூளைக்கு உள்ளே காடேட், தாலமஸ் என்ற பகுதிகள் வழியாகப் போய் மறுபடி நெற்றிப் பக்கமே வரும். நமக்கெல்லாம் ஒரு சுற்றில் அடங்கிவிடுவது ஓசிடிக்காரர்களுக்கு அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் பூட்டியதைக் கண்ணால் பார்த்தும் மனசு ஒப்புவதில்லை என்றார். தம்பிக்கு எழுதிய செர்ட்ராலின் மாதிரி மாத்திரைகள், மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற ரசாயனத்தின் விஷயத்தில் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடும், ஆனால் இந்தச் சுற்று தணிய 8 முதல் 12 வாரம் ஆகும், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட டோஸும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும். 1992இல் கலிஃபோர்னியாவில், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மாத்திரையால் குணம் தெரிந்தவர்களுக்கும் சரி, மாத்திரையே இல்லாமல் தெரபிப் பயிற்சியால் தேறியவர்களுக்கும் சரி, அந்தக் காடேட் பகுதியின் வேகம் குறைந்திருந்ததாம். அம்மா அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மருந்துக்கடையில்தான் எரிச்சல். கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "தூக்க மாத்திரையாண்ணே, யாருக்கு?" என்று கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்டான். அது தூக்க மாத்திரையும் இல்லை, யாருக்கு என்பது அந்தப் பையனுக்குத் தேவையும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சித்தப்பா, "நரம்பு மாத்திரையெல்லாம் பழகிரும், கொஞ்சம் சரியானதும் நிப்பாட்டிரு" என்கிறார். இது சாராயம் மாதிரி ஏங்க வைக்கும் மருந்து இல்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், குமட்டும், நோயும் பெரும்பாலும் திரும்பி வந்து நிற்கும். குணமான பிறகும் ஒரு வருஷமாவது தொடரச் சொல்வது அதனால்தான்.

கிடைக்காதது தெரபி. பூட்டை ஒரே தடவை பார்த்துவிட்டு, பதற்றம் தானாக இறங்கும்வரை திரும்பிப் போகாமல் இருக்கப் பழக்குகிற இஆர்பி பயிற்சிக்கு ஊரில் அலைந்து பார்த்தேன், தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது, ஆனால் அங்கே வாராவாரம் யார் போவது? கடைசியில் சென்னையிலிருந்து வீடியோவில் பேசும் ஒரு சைக்காலஜிஸ்டைப் பிடித்தோம். மாத்திரை 50 மில்லிகிராமில் தொடங்கி இப்போது 100. அடுத்த மாதம் பார்த்துவிட்டுக் கூட்டலாமா என்று டாக்டர் சொல்வாராம்.