ஒரே பெட்டியா, தனித்தனிப் பாகமா? சோலார் பேட்டரி வாங்கும் முன்

விலையைக் கேட்பதற்கு முன் மோட்டாரைக் கணக்கெடுங்கள். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை மட்டும்தான் என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி டவுன் வீடுகளுக்கு எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஆல்-இன்-ஒன் போதும். இன்வெர்ட்டர், சோலார் சார்ஜர், லித்தியம் பேட்டரி, அதைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் செட்டிங்கோடு வந்துவிடும். 51.2 வோல்ட், 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் 5.12 யூனிட் இருக்கும். அடிவரை இறக்காமல், இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 4.2 யூனிட். 500 வாட் லோடு எட்டு மணி நேரம் ஓடும்.

பாலக்கோடு, பென்னாகரம் தோட்டத்து வீடுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10–12 ஆம்ப்தான் எடுக்கும். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். 5 கிலோவாட் ஆல்-இன்-ஒன் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் இல்லாத ரகம். சில நொடிக்கு இரண்டு மடங்கு தாங்கினாலே அதிகம். ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். இங்கே டிரான்ஸ்பார்மர் வைத்த கனமான இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தனித்தனியாக எடுப்பதே சரி. போர்வெல் த்ரீ பேஸ் என்றால் ஒற்றை சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் உதவாது.

தனித்தனியாக எடுத்தால் தொல்லை பெரும்பாலும் இணைப்புகளில்தான் வரும். 48 வோல்ட்டில் 5 கிலோவாட் எடுத்தால் பேட்டரி ஒயரில் 110 ஆம்ப் போகும். 35 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டு, ஒயர் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிய லக் சூடேறும். அதையொட்டிய ஒயர் உறை பழுப்பாகும். பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே இருக்கட்டும். ஏ.சி.க்கான எம்.சி.பி.யை (தானாக ட்ரிப் ஆகும் சுவிட்சை) பேட்டரியின் டி.சி.யில் போடவே கூடாது, தீப்பொறி அணையாது.

அடுத்தது பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைக்கும் தகவல் கேபிள். பார்க்க சாதாரண லேன் கேபிள்போல இருந்தாலும் முனையில் உள்ள பின்களின் (pin) வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பி.எம்.எஸ். பேசாவிட்டால் இன்வெர்ட்டர் வோல்ட்டை வைத்துச் சார்ஜைக் கணிக்கும். லித்தியத்தில் வோல்ட் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால் 40 சதவீதம் காட்டிக்கொண்டே ராத்திரி பட்டென்று அணையும். பழைய டியூபுலர் பேட்டரிக்குப் போட்ட ஈக்வலைஸ் (வோல்ட்டை உயர்த்திச் சார்ஜ் ஏற்றும்) செட்டிங்கையும் நிறுத்திவிடுங்கள். வோல்ட் ஏறி பி.எம்.எஸ். துண்டித்துவிடும்.

ஆல்-இன்-ஒன்னில் இந்தத் தலைவலி கிடையாது. ஆனால் போர்டு போனால் மொத்தமும் நிற்கும். ஓசூருக்குப் பெங்களூரு பக்கம், ஆள் வந்துவிடுவார். பென்னாகரத்துக்கு யார், எத்தனை நாளில் வருவார் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தனிப் பாகமாக இருந்தால் கெட்ட இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, தருமபுரியில் கிடைக்கும் வேறொன்றை மாட்டி, செட்டிங்கைச் சரிபார்த்து ஓட்டலாம்.

எதுவானாலும் தகர, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் உள்ளே 45 டிகிரி தாண்டினால் பேட்டரி ஆயுள் குறையும். பிறகு இன்னொரு பேட்டரி சேர்ப்பதானால் அதே மாடலாகப் பார்த்து, இரண்டையும் தனித்தனியே முழுச் சார்ஜ் ஏற்றி, மீட்டரில் வோல்ட் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேரலலில் இணையுங்கள்.