பெங்களூரு வீட்டில் கார் சார்ஜிங்: 16 ஆம்பியர் பாயின்ட்டா, நீல சாக்கெட்டா, வால்பாக்ஸா?

தினம் 50 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 16 ஆம்பியர் பாயின்ட்டே போதும். 3.3 கிலோவாட் போர்ட்டபிள் சார்ஜர் ராத்திரி எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 26 யூனிட் ஏற்றிவிடும். 50 கிலோமீட்டருக்கு அதில் பாதிகூடச் செலவாகாது.

ஆனால் கீசருக்குப் போட்ட பாயின்ட்டில் காரைச் செருகாதீர்கள். கீசர் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கார் 14 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பிடி தளர்ந்த சாக்கெட் முதலில் பழுக்கும், பிறகு உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட். கடையில் ஏர்கண்டிஷனருக்கான ‘ஏசி பாக்ஸ்’ என்று தரும் 20 ஆம்பியர் மெட்டல் பெட்டி உறுதியானதுதான், ஆனால் சார்ஜரின் பின் அதில் நுழையாது. அடாப்டர் போட்டு ஒட்டவைத்தால் சூடேறும் இடம் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

32 ஆம்பியர் நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட் எங்களுக்குப் பிடித்தது. பிடி இறுக்கம், மூடி உண்டு, விலையும் சுவரில் பொருத்தும் சார்ஜரான வால்பாக்ஸைவிட வெகு குறைவு. 32 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர் வைத்திருப்பவர்கள் இதையே எடுக்கலாம். வால்பாக்ஸ் 7.2 கிலோவாட் தரும். ஆனால் காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்தான் என்றால் அந்தப் பணம் வீண். இரண்டுக்குமே 6 ஸ்கொயர் ஒயர், 40 ஆம்பியர் எம்சிபி வேண்டும். அபார்ட்மென்டில் மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் 50 மீட்டர் என்றால் 6 ஸ்கொயரில் வழியிலேயே கிட்டத்தட்ட 10 வோல்ட் குறையும். 10 ஸ்கொயர் போட்டால் அந்த இழப்பு 6 வோல்ட்டுக்குள் நிற்கும். வீட்டின் அனுமதி லோடு 3 அல்லது 5 கிலோவாட் என்றால், வால்பாக்ஸ் வாங்கும் முன்பே மின் வாரியமான பெஸ்காமில் அதை உயர்த்த வேண்டும்.

மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. பி.வி.கே. ஐயங்கார் சாலை எலக்ட்ரிக்கல் கடைகளில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கேட்டால் ‘ஏசி’ டைப்பை எடுத்து நீட்டக்கூடும். ‘ஏ’ டைப் என்று சொல்லிக் கேளுங்கள். கார் சார்ஜரிலிருந்து டிசி கசிவு வந்தால் ஏசி டைப் உணர்விழந்து, ஷாக் அடிக்கும்போதும் விழாமல் போகலாம்.

எல்லாவற்றையும்விட எர்த் முக்கியம். அல்சூர், விவேக் நகர் பக்கம் பழைய வீடு என்றால் முதலில் மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். லோடு ஓடும்போதும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியனை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். கதவைத் தொடும் குழந்தைக்கு அது எமன். புது எர்த் குழி தோண்டுவதே வழி.

2022 செப்டம்பர் மழையில் பேஸ்மென்ட்கள் மூழ்கியதை இந்த ஊர் மறக்கவில்லை. சாக்கெட்டைத் தரையிலிருந்து நாலு, ஐந்தடி உயரத்தில் பொருத்துங்கள். சார்ஜர் பெட்டியை ஒயரில் தொங்கவிடாமல் கொக்கியில் மாட்டுங்கள். அந்தக் கனம்தான் பின்னைத் தளர்த்துகிறது.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் எம்சிபியை இறக்கி, டெர்மினல் ஸ்க்ரூக்களைத் திரும்ப முடுக்கச் சொல்லுங்கள்.