உரிமைத்தொகையா, நூறு நாளா, டவுன் பஸ்ஸா: கூலிக்காரருக்கு வலு சேர்ப்பது எது?

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் சித்தி, ஏழை வீட்டுக்கு என்று வந்த மூன்று பெரிய திட்டங்களிலும் கை நனைத்தவர். ஏரி வேலைக்குப் போவார். எங்கள் பக்கம் நூறு நாள் வேலைக்கு அதுதான் பெயர். மாதம் 15-ஆம் தேதி வந்தால் மாநில அரசு பெண்களுக்குத் தரும் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை ஏறிவிட்டதா என்று என்னிடம் போனை நீட்டுவார். ஏரி வேலை இல்லாத நாட்களில், பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் ஏறிப்போய் ஒரு ஓட்டலில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு மாலையில் திரும்புவார். மூன்றில் எது உருப்படி என்று வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் ஆளுக்கொரு கட்சி. நானும் ஒரு கட்சி.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை ரூபாய் கைக்கு வந்தது என்பதை மட்டும் நான் பார்ப்பதில்லை. கூலி வாங்குபவர் கூலி கொடுப்பவரைப் பார்த்து, ‘இந்தச் சம்பளத்துக்கு முடியாதுங்க’ என்று சொல்லும் தைரியம் அதனால் வருகிறதா? அது வந்தால் கூலி உயரும். கூலி உயர்ந்தால் அந்தக் காசு தெருமுனை மளிகைக்கும் தையல்காரருக்கும் போகும். அங்கே இன்னொருவருக்கு வேலை வரும். பணக்காரர் கையில் கூடுதலாக விழும் ஆயிரம் ரூபாய் பெரும்பாலும் வங்கியில் தூங்கும். சித்தி கையில் விழுந்தால் ஒரு வாரம் தாங்காது.

இந்த அளவுகோலில் நூறு நாள் வேலைக்கு மரியாதை அதிகம். 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008-இல் நாட்டின் எல்லாக் கிராமப்புற மாவட்டங்களுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் பெண்கள். காரணம் எளிது. வெளியே நடவுக்கும் களைக்கும் போனால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. ஏரியில் இருவருக்கும் ஒன்றுதான். ‘ஆள் கிடைக்கல, எல்லாரும் ஏரியில உட்கார்ந்திருக்காங்க’ என்று நிலக்காரர்கள் இத்தனை வருஷமாகப் புலம்புகிறார்களே, அந்தப் புலம்பல்தான் திட்டம் வேலை செய்ததற்குச் சாட்சி. வேறு போக்கிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் களையெடுக்கும் கூலியும் ஏறத்தான் செய்தது.

ஆனால் ஓட்டைகளும் உண்டு. 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளுக்கு 336 ரூபாய். மண்ணை அளந்து பார்த்துக் கணக்குப் போடும்போது அது குறைந்து வரும். நூறு நாளும் முழுசாகக் கிடைத்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். காலையிலும் மதியமும் செல்போனில் போட்டோ எடுத்தால்தான் வருகை. சிக்னல் இல்லை என்று வெயிலில் வரிசையாக நிற்க வைத்த கதையைச் சித்தி சொல்லச் சொல்லச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். கூலி மாசக்கணக்கில் நின்றுபோனதும் உண்டு. 2025 ஜனவரியில் ஆயிரம் கோடிக்கு மேல் நிலுவை என்று மாநில அரசே பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தையே மாற்றி வேறொன்றை நிறைவேற்றியது. நாள் கணக்கு 125 ஆனது. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. புதியதில் செலவில் 40 விழுக்காடு மாநிலத்தின் தலையில். அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. விதைப்பு, அறுப்பு மும்முரத்தில் மொத்தம் 60 நாள் வேலை கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்களாம். கூலிக்காரர் பேரம் பேச முடிவதே அந்த நாட்களில்தான். அப்போது பார்த்துப் போக்கிடத்தை அடைத்துவிட்டு, மீதி நாளில் எவ்வளவு திறந்து வைத்தால் என்ன?

அப்புறம் உரிமைத்தொகை. 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 1.06 கோடி பெண்கள். மூன்றிலும் நிர்வாகம் லேசானது இதுதான். மேஸ்திரி இல்லை, அளவு இல்லை, போட்டோ இல்லை. பணம் நேராகக் கணக்கில் விழும். வேலைக்குப் போக உடம்பு ஏலாத மூதாட்டி, படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு நகர முடியாத மருமகள் ஆகியோருக்கு மற்ற இரண்டும் எட்டாத இடத்தில் இது எட்டும். குழுக்கடன் தவணைக்கு இந்த ஆயிரத்தை நம்பியிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து.

சரி, பேரம் பேசும் வலு? கொஞ்சம்தான். ஆயிரம் ரூபாயை நம்பி யாரும் ஒரு வேலையை உதற முடியாது. விலைவாசியும் அதை அரிக்கிறது. 2023-இலும் ஆயிரம், 2025-இலும் ஆயிரம். அதே காலத்தில் ஏரி வேலைக் கூலி 294-இலிருந்து 336 ஆனது. ‘காசு கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆவார்கள்’ என்கிற பேச்சை மட்டும் நான் ஏற்கவில்லை. மாதம் ஆயிரத்தில் சோம்பேறியாக வாழும் வித்தை தெரிந்தவர் இருந்தால் எனக்கும் சொல்லிக் கொடுக்கட்டும்.

என் ஓட்டு பஸ்ஸுக்கு. கணக்கைப் பாருங்கள். டவுனில் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு மாதம் எட்டாயிரம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். போக 15, வர 15. மாதம் 26 நாள் என்றால் 780 ரூபாய். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, வேலைக்கு வந்து சேர்வதற்கே போய்விடுகிறது. அதுவும் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே, தினமும் காலையில், வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய காசு. ‘அந்த வேலைக்குப் போய் என்ன மிச்சம்?’ என்ற ஒரே கேள்வியில் எத்தனையோ பெண்கள் வீட்டோடு நின்றிருக்கிறார்கள். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் அந்தக் கேள்வி அடிபட்டுப் போனது. மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில், பயணிக்கும் பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் என்று தெரிந்தது. உரிமைத்தொகைக்குக் கிட்டத்தட்ட சமம்.

மிச்சமான காசை விட, தேடிப் பார்க்க முடிகிறது என்பதுதான் பெரிது. சித்தி முதலில் பக்கத்து ஊர் டீக்கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கூட்டிக் கேட்டதற்கு அவர்கள் மசியவில்லை. இரண்டு நாள் சும்மா பஸ் ஏறி டவுனில் நாலு ஓட்டலில் கேட்டுப் பார்த்தார். அலைந்தும் வேலை கிடைக்காமல் போயிருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால் அந்த இரண்டு நாள் அலைச்சலே நடந்திருக்காது.

செலவிலும் பஸ் சிக்கனம். 2025-26 பட்ஜெட்டில் உரிமைத்தொகைக்கு 13,807 கோடி. பெண்கள் பஸ் பயணத்துக்கு 3,600 கோடி. தகுதி பார்க்க வேண்டிய வேலையும் இல்லை. வசதியுள்ளவர்கள் நெரிசலான சாதா பஸ்ஸைத் தாங்களாகவே தவிர்த்துவிடுகிறார்கள். சில பேர் ‘ஓசி’ என்று வாய்கூசாமல் சொல்வதையும், கை காட்டியும் நிற்காமல் போகும் பஸ்ஸையும் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறார்கள். அது வேறு கதை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பல, ஊர் ஊராகத் தங்கள் வண்டியையே அனுப்புகின்றன. ஆகவே அந்த வேலைகளைப் பஸ் உண்டாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி, வீட்டுவேலை, பூ வியாபாரம் என்று கம்பெனி வண்டி வராத இடங்களுக்குத்தான் இது.

பஸ் இல்லாத ஊருக்கு இந்தத் திட்டமும் இல்லை. டவுன் பஸ் தொடாத ஊர்களில் புறநகர் பஸ்ஸுக்கும் தனியார் மினி பஸ்ஸுக்கும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். சித்தி ஊருக்கே காலை 7:10-க்கு ஒரு வண்டி. விட்டால் பத்தே முக்காலுக்குத்தான் அடுத்தது. அதனால் அடுத்து ஒதுக்கும் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால், ஆயிரத்தை ஆயிரத்து ஐநூறு ஆக்குவதற்கு முன்னால் எட்டரை மணிக்கு ஒரு நடை விடுங்கள் என்பேன். டிரைவர், கண்டக்டர் வேலையும் சேர்ந்தே வரும்.

சித்தியிடம் இதைச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. “பஸ்ஸு எல்லாருக்கும் ஓடுதுடா. அந்த ஆயிரம் ஒண்ணுதான் என் பேர்ல வருது” என்றார். பிறகு மணியைக் கேட்டார். ஏழு ஆகியிருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.