காய்கறிக்கு எங்கே போகலாம்: சூப்பர் மார்க்கெட், செல்போன் ஆப், உழவர் சந்தை

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை இழுத்தேன். கொத்தமல்லி பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கருத்துத் தண்ணீர் விட்டிருந்தது, வெண்டைக்காய் தொட்டதும் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு வாரத்துக்கு முன்னால் காசு கொடுத்து வாங்கியவை. மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் இரண்டிரண்டு வாரமாக ஒவ்வொரு வழியிலும் வாங்கிப் பார்த்தோம்.

சூப்பர் மார்க்கெட்டில் வண்டி நிறுத்த இடம் உண்டு, மளிகையும் சேர்த்து ஒரே நடையில் முடியும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவைதான் போவோம் என்பதால் கை தாராளமாகிவிடுகிறது, காய் வாங்கப் போன பையில் பிஸ்கட்டும் நூடுல்ஸும் ஏறிவிடும். பழமும் காயுமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் உருளைக்கிழங்கு சேராது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல்! எந்த ஃபிரிட்ஜில் அதை வாடாமல் வைப்பது? அதனால்தான் எங்கள் வீட்டில் ஞாயிறும் திங்களும் கீரை, வியாழக்கிழமை வந்தால் உருளைக்கிழங்கு என்று ஆகிப்போனது. காய் வீணாவதும் சாப்பாடு கெடுவதும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆப் சங்கதி சுருக்கம். மூட்டுவலிக்காரியான என் அம்மாவுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டெலிவரி இலவசமாக வேண்டும் என்று தேவையில்லாத ஒன்றைச் சேர்க்கிறோம், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கவும் வழியில்லை.

திருநெல்வேலியில் எங்கள் மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையில் சீக்கிரம் போக வேண்டும், ஐப்பசி மழையில் அது சிரமம்தான். ஆனால் விலை பலகையில் எழுதியிருக்கும், விளைவித்தவரே நிறுத்துத் தருவார், கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. 1999-இல் தொடங்கிய திட்டம், இன்றைக்கும் என் கணக்குக்கு இதுதான் சரி. மூன்று நாளைக்கு மட்டும் வாங்குகிறோம். இடையில் தக்காளியோ நாலு பச்சைமிளகாயோ தேவைப்பட்டால் தெருமுனை அண்ணாச்சி கடை. அங்கே விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் வாங்கியது அன்றைக்கே அடுப்பில் ஏறிவிடுகிறது, குப்பைக்குப் போவதில்லை. 2022-இல் உலகம் முழுக்க வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. வீடு என்றால் நம் கீழ்த்தட்டும் அதில் உண்டு.

இப்போது சந்தைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் கூட்டாஞ்சோறு. மிஞ்சிய ரெண்டு கத்தரிக்காய், அரை கேரட், வாழைக்காய்த் துண்டு, ஒரு கை முருங்கைக்கீரை, எல்லாம் அரிசி பருப்போடு ஒரே பானையில் வெந்துவிடும். அப்புறம் கீழ்த்தட்டைக் கழுவித் துடைத்துக் காய வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பையை எடுக்கிறோம்.