மேட்ரிக்ஸ் ஸ்விட்சர்: படத்தில் குறையில்லை, பூட்டில்தான் கோளாறு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவில் கல்யாண ஹாலில் நாலு இன்புட், நாலு அவுட்புட் உள்ள எச்டிஎம்ஐ மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் (எந்தப் படத்தையும் எந்தத் திரைக்கும் மாற்றி அனுப்பும் பெட்டி) சில வருடங்களாக ஓடுகிறது. போன மாதம் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் அதன் பவர் போர்டு அடிபட்டது. ரிப்பேருக்குப் போய், புது ஃபர்ம்வேரோடு (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. வந்த பெட்டியை மாட்டிய பிறகு எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அது விட்டுப்போகும்.

கர்ப்பகிரகக் கேமரா, தேவார வரிகள் போடும் லாப்டாப், டிவி பெட்டி (சேனல் வரும் செட்-டாப் பாக்ஸ்), கல்யாண வீட்டார் கொண்டுவரும் லாப்டாப், இவை நாலும் உள்ளே. மேல்ஹால் புரொஜெக்டர், கீழே சாப்பாட்டு ஹால் டிவி, வெளிப்பந்தல் திரை, லைவ் ஒளிபரப்புக்காகப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் கார்டு, இவை வெளியே. புரட்டாசி சனிக்கிழமைகளில் மேலே இடம் போதாது. கீழே உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் தீபாராதனையை டிவியில் பார்த்துக் கும்பிடுகிறார்கள். கீழ்ஹாலுக்கு எச்டிபேஸ்டி (படத்தை நெட்வொர்க் கேபிளில் தூரமாக அனுப்பும் முறை) வழியாக ஒரே ஒரு கேட் 6 கேபிள்தான் போகிறது. 1080 படத்துக்கு நூறு மீட்டர் வரை தாங்கும் வகை அது. இதுவரை ஒரு புள்ளி மினுங்கியதில்லை. (அந்த சாக்கெட் பார்ப்பதற்கு நெட்வொர்க் சாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் ஓடுவது நெட்வொர்க் இல்லை. ரௌட்டரில் யாரும் கொண்டுபோய்ச் செருகிவிடக் கூடாது என்று சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.)

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஈடிஐடி அமைப்பு. ஒவ்வொரு டிவியும் தன்னால் எந்தெந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும் என்பதை 128 பைட் தொகுதிகளாக எழுதி வைத்திருக்கும். லாப்டாப் அதைப் படித்துவிட்டுத்தான் படம் அனுப்பும். எங்கள் கீழ்ஹால் டிவி பழசு. முன்பிருந்த மலிவு ஸ்விட்சர் அந்த டிவியின் பட்டியலையே எல்லாருக்கும் நீட்டும், மேலே பெரிய திரையிலும் படம் மங்கிப்போகும். இதில் 1080, 50 ஹெர்ட்ஸ் என்று நாமே ஒரு பட்டியலை எழுதி எல்லா இன்புட்டுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம். ஐம்பது ஏன் என்றால், இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவும் ஐம்பதில் ஓடினால் ஹால் டியூப்லைட் திரையில் துடிக்காது.

2023ல் லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) ஆறாம் கட்டம் வரை போன நாட்களில்தான் இதன் அருமை தெரிந்தது. எங்கள் இன்வெர்ட்டர் மேல்ஹாலுக்கு மட்டும்தான். கீழ்ஹால் டிவி பட்டென்று அணையும். பழைய ஸ்விட்சராக இருந்தால் உடனே லாப்டாப் மறுபடி பேச்சுவார்த்தை நடத்த ஆரம்பித்து, மேலே புரொஜெக்டரும் கறுத்துப் போயிருக்கும். இதில் மேலே படம் கண்ணிமைக்கக்கூட இல்லை. தாலி கட்டும் நேரத்தில் திரை அணையாமல் நிற்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஹால் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

எச்டிசிபி (படத்தைக் காப்பி எடுக்க விடாத பூட்டு) விஷயமும் அப்படித்தான். மேக் லாப்டாப், எதிரில் இருக்கும் பெட்டி எச்டிசிபி தெரியும் என்று சொன்னாலே போதும், சொந்தக் கல்யாண போட்டோக்களைக்கூடப் பூட்டி அனுப்பும். புரொஜெக்டரில் தெரியும், லைவில் கறுப்பு. இந்தப் பெட்டியில் அந்த ஓர் இன்புட்டுக்கு மட்டும் எச்டிசிபியை அணைத்தோம், லைவிலும் படம் வந்துவிட்டது. டிவி பெட்டியின் இன்புட்டில் அது இருந்தபடியே இருக்கிறது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதில் டெல்நெட் (நெட்வொர்க் வழியாக எழுத்தில் கட்டளை கொடுக்கும் பழைய முறை) திறந்திருக்கும், போர்ட் 23, பாஸ்வேர்ட் கேட்காது. அமைப்புகளை மாற்றும் வெப் பக்கம், தகவலை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வரும். அட்மின் பாஸ்வேர்ட் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். டெல்நெட்டை ஒரேயடியாக மூடவும் வழியில்லை, மூடினால் சுவரில் இருக்கும் பட்டன் பலகை செத்துப்போகும், அதற்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். டெல்நெட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டாலும் அது மறைக்கப்படாமல்தான் கம்பியில் போகும். அதனால் பெட்டியையும் பலகையையும் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த பகுதி) போட்டு, விருந்தினர் வைஃபையிலிருந்து பிரித்து, எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தோம்.

ரிப்பேருக்கு அனுப்புமுன் பெட்டியின் சொந்த பேக்கப் வசதியால் ஒரு கோப்பு எடுத்து வைத்தேன். திரும்பி வந்ததும் அதை ஏற்றினேன். "வெற்றிகரமாக மீட்டெடுக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது. ஈடிஐடி வந்தது, எச்டிசிபி வந்தது, அவுட்புட் பெயர்கள்கூட எழுத்து மாறாமல் வந்தன. பாதுகாப்பு அமைப்பு ஒன்றுகூட வரவில்லை. பாஸ்வேர்ட் பழைய அட்மின். டெல்நெட் கதவு அகலத் திறந்திருக்கிறது. எச்டிடிபிஎஸ் அணைந்திருக்கிறது. ஐபி முகவரியும் தானாக மாறியதால் சுவர் பலகைக்குப் பெட்டி எங்கே என்றே தெரியவில்லை.

நம்பாமல் சோதித்துப் பார்த்தேன். ஒரு போனை அந்த நெட்வொர்க்கில் சேர்த்து, டெர்மினல் ஆப்பில் ஒரே ஒரு வரி அடித்தேன். கீழ்ஹால் டிவியில் கேமரா போய் டிவி பெட்டியின் படம் வந்து நின்றது. யார் நீ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களிடம் விலான் இருந்ததால் வெளியாள் நுழைய வழியில்லை. வீட்டு ரௌட்டர் ஒன்றை வைத்து, விருந்தினருக்கும் அதே வைஃபையைக் கொடுக்கும் ஹாலாக இருந்தால்? கல்யாணத்துக்கு வந்த எந்தப் பையனும் மேடைத் திரையில் எந்த இன்புட்டையும் போட்டுவிடலாம். பேக்கப்பில் பாஸ்வேர்டை எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் திரையில் சொல்ல வேண்டாமா? பச்சை எழுத்தைப் பார்த்தவர் எல்லாம் முடிந்தது என்றுதானே போவார்?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஃபர்ம்வேரில் எச்டிடிபிஎஸ் அதன் பூட்டின் பழைய பதிப்பான டிஎல்எஸ் 1.0ல்தான் ஓடியது. பிரவுசர்கள் 2020ல் அதைக் கைவிட்ட பிறகு புது பிரவுசரில் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. புது ஃபர்ம்வேரில் அது சரியாகியிருக்கிறது. சான்றிதழ் எச்சரிக்கை மட்டும் வருகிறது, அது பெரிய குறை இல்லை.

இதே டர்பனில், ஃபீனிக்ஸில் ஒரு கோவில் கமிட்டியில் இருக்கும் தம்பி, விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று கேட்டிருந்தார். படத்துக்கு இந்த விலையில் இதைவிட நல்ல பெட்டியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஹாலில் இதை மாற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. அவருக்குச் சொன்ன பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். அவர்கள் ஹாலில் நெட்வொர்க் தெரிந்தவர் யாரும் இல்லை, ஒவ்வொரு ஃபர்ம்வேருக்கும் ரிப்பேருக்கும் பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பூட்ட ஆள் வேண்டும். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும், பேக்கப் கோப்பில் பாதுகாப்பு அமைப்புகளும் சேருமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.