2017இல் வாங்கிய மடிக்கணினி: எதை மாற்றினேன், எங்கே நிறுத்தினேன்

இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, இரண்டு கோர், 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), 1 டிபி ஹார்டு டிஸ்க். 2017இல் இது தாராளமாகப் போதுமாக இருந்தது. மூன்று ஆண்டுகள் போவதற்குள் உலாவியைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

புதிது வாங்கிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பிராசசரோ ஏறக்குறைய சும்மா இருக்கிறது. சமையற்காரர் தயார், சரக்குதான் வந்து சேரவில்லை. சுழலும் தட்டில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஹார்டு டிஸ்க்குக்குப் பத்து மில்லி விநாடி அளவு பிடிக்கும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஹார்டு டிஸ்க்கின் இணைப்பிலேயே பொருந்தும் சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, ராமை 8 ஜிபியாக உயர்த்தினேன். அதன் பிறகு பல ஆண்டுகளுக்குப் புதிது வாங்கும் எண்ணமே எழவில்லை. ஹார்டு டிஸ்க்கோடு இன்னும் மல்லுக்கட்டுகிறவர்கள் வேறு எதையும் யோசிக்கும் முன் இதைச் செய்யலாம்.

அடுத்தது பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவையும் இப்போது முழுதாக நிரம்பும் அளவையும் அது அருகருகே காட்டும். என்னுடையது பாதிக்கும் கீழே போயிருந்தது. லித்தியம் அயனி பேட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கினாலே தளரத்தான் செய்யும், மாற்றினால் தீர்ந்தது. ஆனால் டச்பேட் மேலே எழும்பி வந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அன்றே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும், 'இன்னும் கொஞ்ச நாள்' என்பதற்கு அங்கே இடமில்லை. விசிறித் தூசியைத் துடைத்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்ததும் சூடும் இரைச்சலும் அடங்கின.

இத்தனையும் கழற்றி மாட்டக்கூடியவை. மாட்ட முடியாதவை பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கப்பட்ட வீடியோவை விரிக்கும் வன்பொருள் இந்தச் சில்லில் இல்லை. இன்டெல்லில் அது 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் சில வீடியோக்களை ஓடவிட்டாலே பிராசசர் மூச்சு வாங்கும். காணொலி அழைப்பில் திரையைப் பகிர்ந்தால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

முடிவெடுக்க வைத்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலிலோ, ஒன்றிரண்டு விலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்ந்தால் ஓராண்டு தள்ளிப்போட வழி இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். இணையமும் கடிதமும் மட்டும் என்றால் நான் மின்ட்டோடு நின்றிருப்பேன். என் வேலைக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுகிறது, வங்கிக் கணக்கையும் இதே இயந்திரத்தில்தான் திறக்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

ஆகவே புதிது வாங்கினேன். கடையில் நான் முதலில் கேட்டது பிராசசரைப் பற்றி அல்ல, ராம் தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) பற்றவைக்கப்பட்டதா என்பதைத்தான். மெலிந்த மாடல்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. 8 ஜிபியோடு வாங்கினால் 8 ஜிபியோடேயே காலம் தள்ள வேண்டும். சற்றுத் தடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்று, ராம் ஸ்லாட் ஒன்று காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். 16 ஜிபி இருக்கிறது. காலி ஸ்லாட்டுக்கு இப்போதைக்கு வேலையில்லை.